மழை இல்லை, தகவல் இல்லை

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். கணுக்கால் நனைந்ததும் நின்றுவிட்டார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார். அதில் சருகுத் தூள் மிதந்தது. லேசாக மண் நிறம். எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, உன் போன் என்ன சொல்லுது?"

எடுத்துப் பார்த்தேன். "மழை இல்லைன்னு சொல்லுது மாமா. மலை மேலயும் இல்லையாம்."

"அப்ப இந்தச் சருகு எங்கருந்து வருது?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஏறு கரைக்கு. தோப்பு எங்கயும் போயிறாது."

கரையேறி, கொடுக்காப்புளி மரத்தடியில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. முதலில் சத்தம் வந்தது. பிறகு நாங்கள் நின்றிருந்த பாறை காணாமல் போனது. செம்மண் கரைசலாக, கிளையும் கட்டையுமாக உருட்டிக்கொண்டு போனது ஆறு. மாமா ஒன்றும் சொல்லவில்லை. என் போனில் இன்னும் "மழை இல்லை" என்றுதான் இருந்தது.

அந்தப் போனில் ஓடியது நான் எழுதிய புரோகிராம். மாமாவுக்காகவே எழுதியது. ஏன் அப்படி ஆனது என்று தேடிப் போனதில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஏதோ ஒரு செயலி சொல்வதைப் பார்த்து முடிவெடுக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியார் சாலையைப் பிடித்துப் போனால், மாந்தோப்புகளுக்கு நடுவே போய், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் முடியும். அங்கேதான் நீர்காத்த அய்யனார் கோவில். கோவிலை ஒட்டி ஆறு. போகிற வழியிலேயே ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பது அது. மேலே இருக்கும் காடு 1988-ல் சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். இந்த ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. கீழே நாம் நிற்கிற இடத்தில் ஒரு பொட்டுத் தூறல் இருக்காது. மேலே காட்டுக்குள் கொட்டித் தீர்க்கும். நமக்குத் தெரிவதற்குள் தண்ணீர் வந்துவிடும். குளிக்கப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட செய்தியை இந்தப் பக்கத்துக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி படித்திருப்பார்கள்.

மாமாவின் தோப்பு அக்கரையில். சப்பட்டை, பஞ்சவர்ணம் இரண்டும் வைத்திருக்கிறார். போகவேண்டுமென்றால் ஆற்றில் இறங்கித்தான் போகவேண்டும். காலையில் போனால் மாலையில் திரும்ப முடியுமா என்பதுதான் அவருடைய தினப்படிக் கேள்வி. அதற்காகத்தான் எழுதினேன். மலை மேல் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கே அடுத்த சில மணி நேரத்தில் மழை உண்டா என்று கேட்டு, பெரிய எழுத்தில் காட்டும். உண்டு என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும். வேறொன்றும் செய்யாது. மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

எழுதுவதும் சுலபமாக இருந்தது. நான் பயன்படுத்திய நிரல்மொழியிலேயே வானிலைக்கென்று ஒரு செயற்கூறு உள்ளே அமைந்திருந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். இடத்தைக் கொடுத்தால் மழை அளவைத் திருப்பித் தரும். கூட்டல், பெருக்கல், சொல்லைத் தலைகீழாக்குவது போன்ற வேலைகளோடு அதுவும் அதே பட்டியலில், அதே எழுத்துருவில் இருந்தது. நானும் கூட்டலை நம்புவது போலவே அதையும் நம்பினேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

கூட்டல் செயற்கூறு என் கணினிக்குள் நடப்பது. நாளைக்கும் இரண்டும் இரண்டும் நான்குதான். வானிலைச் செயற்கூறு அப்படியில்லை. அது என் கணினியை விட்டு வெளியே போய், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு, அது சொல்வதை வாங்கி வந்து என்னிடம் கொடுக்கிறது. வீட்டுக் கிணற்றுக்கும் வீட்டுக் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாயைத் திறந்தால் வருவது ஆறாவது மைலில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

வீட்டுக்கு வந்து புரோகிராமின் பதிவேடுகளைத் திறந்து பார்த்தேன். பத்தொன்பது நாட்களாக ஒவ்வொரு மணி நேரமும் 0, 0, 0. ஐப்பசி மாதத்தில், அதுவும் அந்த மலையில், பத்தொன்பது நாள் ஒரு சொட்டு மழை இல்லை என்று என் புரோகிராம் நம்பியிருக்கிறது. நானும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வானிலைச் சேவை தன் பழைய வெர்ஷனை மூடிவிட்டுப் புதியதற்கு மாறியிருந்தது. பழைய முகவரிக்குப் போனாலும் பதில் வந்தது, ஆனால் அதன் அமைப்பு வேறு. முன்பு "மழை" என்று ஒரு தலைப்பு போட்டு அதன் கீழ் அளவைக் கொடுப்பார்கள். புதியதில் தலைப்பின் பெயரே வேறு. செயற்கூறை எழுதியவர் என்ன செய்திருந்தார் என்றால், 'அந்தத் தலைப்பு இருந்தால் மதிப்பை எடு, இல்லையென்றால் 0 என்று வை' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய சேவையில் மழை பெய்யாத நாளில் அந்தத் தலைப்பையே அனுப்ப மாட்டார்கள். சில வானிலைச் சேவைகளின் பழக்கம் அது. ஆகவே தலைப்பு இல்லையென்றால் மழை இல்லை என்று எடுத்துக்கொண்டது அன்றைக்குச் சரி. தலைப்பின் பெயர் மாறிய நாளிலிருந்து அதே வரி பொய் சொல்ல ஆரம்பித்தது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

நம் பேச்சிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. "மழை இல்லை" என்கிறோம். "மழையைப் பற்றித் தகவல் இல்லை" என்கிறோம். இரண்டுக்கும் அதே "இல்லை". முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் 'ஆனால்' என்றும் 'இல்லை' என்றும்தான் நிபந்தனையைப் பிரிக்கிறோம். என் புரோகிராமின் சாரத்தை எழிலில் எழுதினால் இப்படி வரும்:

நிரல்பாகம் மழைசொல் ( அளவு )
  @( அளவு > 0 ) ஆனால்
    பதிப்பி "மழை உண்டு"
  இல்லை
    பதிப்பி "மழை இல்லை"
  முடி
முடி

படிக்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். ஆனால் இதில் மூன்றாவது வழி கிடையாது. கேட்டேன், பதில் கிடைக்கவில்லை என்று சொல்ல இடமே இல்லை. அந்த மூன்றாவது நிலைமையும் கீழேயுள்ள 'இல்லை'க்குள் போய் விழுகிறது. மாமாவை ஆற்றில் இறக்கிய வரி அதுதான்.

சேவைக்காரர்கள் சொல்லாமல் செய்யவில்லை. மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். கல்லூரிக் காலத்தில் திறந்து, இப்போது நான் எட்டிப் பார்க்காத ஒரு முகவரிக்கு வந்திருந்தன. இணையத்தில் இதற்கு முறையான ஏற்பாடுகளும் உண்டு. ஒரு பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டது என்றால் 410 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பலாம். இந்தத் தேதியோடு இந்தச் சேவை நின்றுவிடும் என்று ஒவ்வொரு பதிலின் தலையிலும் எழுதி அனுப்ப 2019 மே மாதம் ஒரு வரையறையே வந்தது. ஆர்எஃப்சி 8594 என்பது அதன் எண். 'சன்செட்' என்று அந்தத் தலைப்புக்குப் பெயர். பொழுது சாய்கிற நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பது. ஆனால் அனுப்புகிறவர் அனுப்பினாலும், வாங்குகிற செயற்கூறு அதைப் படித்து என்னிடம் சொன்னால்தானே எனக்குத் தெரியும்? நான் வாங்கியது வெறும் எண். 0.

இப்படி ஆனது எனக்கு மட்டுமல்ல. பைத்தான் மொழியில் தரவுகளோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்த பாண்டாஸ் லைப்ரரியின் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) கதை இதே மாதிரி. ஒரு காலத்தில் யாஹூவிலிருந்தும் கூகிளிலிருந்தும் பங்கு விலைகளை எடுத்து வரும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. யாஹூ எதையாவது மாற்றினால் பாண்டாஸில் பழுது. சரி செய்ய வேண்டுமென்றால் மொத்த பாண்டாஸும் அடுத்த வெர்ஷனுக்கு வரவேண்டும். பயனர் தன் அலுவலகத்தில் அந்தப் புதிய வெர்ஷனை நிறுவ அனுமதி வாங்கவேண்டும். ஒரு பல்லுக்காக மொத்த இயந்திரத்தையும் மாற்றுகிற வேலை. 2015 அக்டோபரில் வந்த 0.17 வெர்ஷனில் அந்தப் பகுதியைப் பிரித்து, பாண்டாஸ் டேட்டாரீடர் என்று தனி லைப்ரரியாக வைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் 0.19-ல் உள்ளேயிருந்து முழுக்க எடுத்தே விட்டார்கள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்கள்: தரவு எடுக்கும் பகுதி பாண்டாஸைச் சாராமல் தன் போக்கில் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பது 2017 மே மாதம் தெரிந்தது. யாஹூ தன் பழைய பங்கு விலைச் சேவையை நிறுத்தியது. உலகம் முழுக்க மாணவர்கள், சிறு முதலீட்டாளர்கள், ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருந்த நிரல்கள் ஒரே வாரத்தில் நின்றன. ஆர் மொழியின் குவான்ட்மாட் லைப்ரரிக்கும் அதே கதிதான். ரான் அரூசி என்பவர் உடனே ஒரு மாற்று வழியை எழுதி வெளியிட்டார். அதற்கு முதலில் வைத்த பெயரே 'யாஹூ ஃபைனான்ஸைச் சரி செய்' என்ற பொருளில்தான் இருந்தது. இன்று ஒய்ஃபைனான்ஸ் என்ற பெயரில் அதைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். விலை எடுக்கும் வசதி பாண்டாஸுக்குள்ளேயே இருந்திருந்தால், அந்த வாரம் பாண்டாஸே உடைந்துவிட்டது என்றுதான் ஊர் பேசியிருக்கும்.

வரைபடங்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் கூகிள் மேப்ஸ் கட்டண முறையை மாற்றியது. கூகிளிடம் பதிவு செய்து வாங்கும் சாவி இல்லாமல் வரைபடம் போட்டிருந்த சின்னச் சின்ன கடைகளின் இணையதளங்களில் வரைபடம் கறுத்துப் போய், குறுக்கே ஒரு வாசகம் எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதம் ரூபி மொழியின் ஜியோகோடர் லைப்ரரி, முகவரியைக் கொடுத்தால் இடத்தைச் சொல்லும் வேலைக்கு இயல்பாகக் கேட்கும் இடத்தை கூகிளிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினாட்டிம் என்ற சேவைக்கு மாற்றியது. செயற்கூறின் பெயர் அதேதான். பதில் சொல்கிற ஆள் வேறு. கோவில் பெயரும் "பேருந்து நிலையம் எதிரில்" என்பதும் வைத்து முகவரி எழுதுகிற நம் ஊரில், ஆள் மாறினால் பதிலும் மாறும்.

பிறகு 2023 அக்டோபர் 31. ஸ்டேமன் என்ற சான்பிரான்சிஸ்கோ நிறுவனம் பல ஆண்டுகளாக இலவசமாகக் கொடுத்து வந்த வரைபடப் பின்னணிகளைத் தன் சர்வரிலிருந்து கொடுப்பதை நிறுத்தி, ஸ்டேடியா என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவற்றில் 'டெரெய்ன்' என்ற ஒன்று மலைகளை நிழல் போட்டுக் காட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை அதில் பார்க்கவேண்டும்! மடிப்பு மடிப்பாக, சேலை விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். பைத்தானின் ஃபோலியம் லைப்ரரியில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், படம் வந்துவிடும். அதனாலேயே எத்தனையோ பாடப் புத்தகங்களிலும் வகுப்புக் குறிப்புகளிலும் அந்த வரி இருக்கிறது. ஃபோலியம் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டது. பழைய பாடத்தைப் பார்த்துப் புதிதாக எழுதுகிற மாணவனுக்குப் பிழைச்செய்தி வரும். ஒருவிதத்தில் அது நல்லது என்பேன். வெற்றுப் படத்தைக் காட்டிவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கு, இப்படி ஒன்று இனி இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது எவ்வளவோ மேல்.

இதற்கு எதிர்க்கரையில் நின்று வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் மொழியின் 3.0 வெர்ஷன் 2019 ஜனவரியில் வந்தது. அதில் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு கட்டை, எழுத்தைக் குரலாக்க ஒரு கட்டை. மொழிபெயர்ப்பது கூகிள், குரல் கொடுப்பது அமேசான். ஆனால் குழந்தையின் கணினி நேரடியாக அவர்களிடம் போவதில்லை. எம்ஐடி பெயரில் இருக்கும் ஸ்கிராட்ச் சர்வரிடம் கேட்கிறது. அந்த சர்வர் அவர்களிடம் கேட்டு வாங்கித் தருகிறது. நாளைக்குக் கூகிளை மாற்றி வேறொருவரை வைத்தாலும், எட்டு வயதுக் குழந்தை செய்து வைத்த பேசும் பூனை அப்படியே பேசும். எங்கள் ஊர்க் குழாயும் இப்படித்தான். இன்றைக்கு வந்தது ஆறாவது மைல் தண்ணீரா, தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரா என்று குடத்தை நிரப்புகிறவர் கேட்பதில்லை. இடையில் ஒருவர் நின்று இரண்டையும் பார்த்துக்கொள்கிறார்.

இடையில் நிற்பதற்குச் செலவு உண்டு. கோடிக்கணக்கான குழந்தைகளின் கேள்விகள் ஒரே சர்வர் வழியாகப் போகும்போது அதை நடத்துகிறவருக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். தன் விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிற ஒருவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே எல்லோரும் ஸ்கிராட்ச் மாதிரி செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனம் பின்னால் நிற்கிற மொழியென்றால் செய்யலாம். மற்றவர்கள் பாண்டாஸ் மாதிரி பிரித்து வைப்பதே நேர்மை.

தேக்கி வைத்துக் கொடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2021 மே மாதம் கொரோனா தடுப்பூசிக்கு அலைந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முன்பதிவு செய்யும் கோவின் தளம் தன் ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் கேட்டுத் தகவல் வாங்கும் வாசலை, பொதுவில் திறந்து வைத்திருந்தது. சென்னையிலிருந்து ஒரு நிரலாளர் தொடங்கிய தளம் உட்பட, நாடு முழுக்கப் பல நிரலாளர்கள் இடம் காலியானால் செய்தி அனுப்பும் கருவிகளை அதன்மேல் எழுதினார்கள். லட்சக்கணக்கானவர்கள் அதை நம்பிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாட்களிலேயே விதி மாறியது. பொதுவில் கொடுக்கும் தகவல் முப்பது நிமிடம் வரை பழையதாக இருக்கலாம், ஒரு முகவரியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு 100 கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது என்று அறிவித்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் கதவு தாங்காது, அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் பதிலில் வருவது வெறும் எண்தான். "12 இடம் காலி" என்றுதான் வந்தது. முப்பது வினாடியில் தீர்ந்துபோகும் இடத்தைப் பற்றி முப்பது நிமிடம் பழைய தகவல். எப்போதைய 12 என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். தேக்கி வைத்த தண்ணீர் என்றால் எப்போது பிடித்தது என்று தெரியவேண்டும்.

இனி மீண்டும் என் 0-க்கு வருகிறேன்.

ஆர் மொழியில் விடுபட்ட மதிப்புக்கென்றே என்ஏ என்று ஒரு சொல் இருக்கிறது. அதோடு ஐந்தைக் கூட்டினால் ஐந்து வராது. மறுபடி என்ஏதான் வரும். பத்து நாள் மழையைக் கூட்டச் சொல்லி, அதில் ஒரு நாள் தெரியவில்லை என்றால், கூட்டுத்தொகையும் தெரியவில்லை என்றே சொல்லும். தெரியாததை விட்டுவிட்டுக் கூட்டு என்று நாமே வாய்திறந்து சொன்னால்தான் விட்டுவிட்டுக் கூட்டும். பொறுப்பை நம் கையில் கொடுக்கிறது. வுல்ஃப்ராம் மொழி இன்னும் ஒரு படி மேலே. ஊர்களின் மக்கள்தொகை, வானிலை, பங்கு விலை எல்லாம் மொழிக்குள்ளேயே அமைந்த செயற்கூறுகள். எல்லாம் வெளியிலிருந்து வருபவை. கிடைக்காதபோது 'மிஸ்ஸிங்' என்று ஒன்றைத் திருப்பித் தரும், ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தையும் அதற்குள் வைத்துத் தரும். இந்த மொழிகளை எழுதியவர்களுக்கு, தெரியாது என்பதும் ஒரு விடைதான் என்று முதலிலேயே தெரிந்திருக்கிறது.

நான் பயன்படுத்திய மொழியைப் பராமரிக்கிறவர்களுக்கு எழுதினேன். தலைப்பு இல்லாவிட்டால் 0 என்று வைக்கும் வரியை எடுத்துவிட்டு, கிடைக்கவில்லை என்று தனி மதிப்பைத் திருப்பித் தரும்படி மாற்றி அனுப்பினேன். மூன்று வாரம் வாதம் நடந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. "இந்தச் செயற்கூறு எண்ணைத்தான் தரும் என்று நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள். திடீரென்று எண் அல்லாத ஒன்றைத் தந்தால் அவர்கள் நிரலெல்லாம் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருப்பதை உடைக்கக்கூடாது" என்றார்கள். பழைய நிரல் புதிய வெர்ஷனிலும் ஓட வேண்டும் என்பது மொழி எழுதுகிறவர்களுக்கு வேதம் மாதிரி. எனக்கும் அதில் மதிப்பு உண்டு. இருபது வருடத்துக்கு முன் எழுதியது இன்றும் ஓடுகிறது என்றால் அது யாரோ காத்துவந்த வாக்கு.

ஆனால் அவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான். அந்த நிரல்கள் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கின்றனவா? சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. என்னுடையது பத்தொன்பது நாள் அப்படித்தான் ஓடியது. நின்றிருந்தால் முதல் நாளே மாமா போன் செய்திருப்பார். "மாப்ளே, உன் பொட்டி மக்கர் பண்ணுது" என்று சொல்லியிருப்பார். அன்றைக்கே பார்த்திருப்பேன். நிற்காமல் ஓடியதுதான் ஆபத்து. சேவை மாறிய நாளிலேயே அந்த நிரல்கள் உடைந்துவிட்டன. நாம் 0 போட்டு அந்த உடைசலுக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கிறோம். இதைத்தான் எழுதினேன். ஆற்றில் நடந்ததையும் எழுதினேன்.

கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். நான் அனுப்பிய மாதிரியே அல்ல, அதைவிட நன்றாக. அடுத்த வெர்ஷன் வரை 0 வரும், கூடவே எச்சரிக்கை வரும். அதற்கு அடுத்ததில் தனி மதிப்பு. தகவல் எப்போதையது என்பதும் அதோடு சேர்ந்து வரும். வெளியே போய் வருகிற செயற்கூறுகளுக்கெல்லாம் கையேட்டில் தனிப் பக்கம், அவற்றின் பெயருக்கு முன்னால் ஒரு அடையாளம். இப்போது புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எது கிணறு, எது குழாய் என்று பார்த்த உடனே தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி மாற்றம்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். தினமும் விடியற்காலையில் ஒரு சின்ன நிரல் அந்தச் சேவையைக் கேட்டு, வந்த பதிலின் அமைப்பு நேற்றைப் போலவே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மதிப்பைப் பார்க்காது, அமைப்பைத்தான். எதிர்பார்த்த தலைப்புகள் இருக்கின்றனவா, எண் வரவேண்டிய இடத்தில் எண் வருகிறதா, அலகு மில்லிமீட்டர்தானா. மாறியிருந்தால் எனக்குச் செய்தி வரும். அதோடு, இரண்டாவதாக வேறொரு சேவையையும் சேர்த்தேன். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் அதையும் மாமாவிடம் அப்படியே காட்டிவிடுகிறது. சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி.

இத்தனைக்கும் மேல், இன்று நான் கேட்கும் சேவை நாளை இருக்கும் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. டார்க் ஸ்கை என்ற மழைச் சேவையை 2020 மார்ச்சில் ஆப்பிள் வாங்கியது. அதன் ஏபிஐ 2023 மார்ச் 31-ஆம் தேதியோடு நின்றது. வாங்கிய பிறகும் மூன்று வருடம் ஓடவிட்டார்கள், அது பெரிய மரியாதை. அவ்வளவு அவகாசம் எல்லோருக்கும் கிடைக்காது.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். காலை ஆறரை மணி. அத்தை அடுப்பில் பால் வைத்திருந்தார். மாமா திண்ணையில் உட்கார்ந்து போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் "தெரியவில்லை" என்று இருந்தது. அதன் கீழே சின்னதாக, "கடைசியாகக் கிடைத்த தகவல்: நேற்று மாலை 6:10. அப்போது மழை 4 மி.மீ."

"மாப்ளே, இன்னைக்கு உன் பொட்டிக்கும் தெரியலையாம்" என்றார்.

"ஆமா மாமா. ராத்திரியிலருந்து ரெண்டு சேவைலருந்தும் பதில் வரலை. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாரு, பாரு. அதுக்குள்ள நான் ஒரு நடை போயி தண்ணியைப் பாத்துட்டு வந்துர்றேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். மேற்கே மலையின் பாதி உயரம் வரை மேகம் இறங்கியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.